அக்னி மூலையில் அறுபத்தெட்டு கிலோ

மாதவராஜ் மோட்டார் படகு வாங்கியதற்கு அவர் சொன்ன காரணம் காவிரி. உண்மையான காரணம் சந்திரமோகன் கட்டிய நீச்சல்குளம்.

பாலக்கோடு சாலையில் இருவருக்கும் மாங்கூழ் ஆலைகள் இருந்தன. ஒருவர் ஆலை வாசலில் நீரூற்று வைத்தால் மற்றவர் நீரூற்றுக்கு விளக்கும் வைப்பார். சந்திரமோகன் நீச்சல்குளம் வெட்டிய மூன்றாவது மாதம், கோவாவில் யாரோ ஓட்டிச் சலித்த படகு ஒன்று லாரியில் ஏறி, பென்னாகரம் கடைத்தெருவில் கேபிள் வயர்களைக் கொம்பால் தூக்கிப் பிடித்தவர்களின் தயவில் ஊர்ந்து, காவிரியின் நாகமரைக் கரையில் வந்து இறங்கியது. வழியில் தேர் என்று நினைத்து ஒருவர் தேங்காய் உடைத்தார். மாதவராஜ் அதை மறுக்கவில்லை.

படகுக்கு 'காவிரிச் சக்கரவர்த்தி' என்று பெயர் எழுதினார்கள். அதை ஓட்டுவதற்கான அனுமதி ஏதோ ஒரு ஃபைலில் மிதந்துகொண்டிருந்தது. படகின் ஆர்.சி. மனைவி சுகுணாவின் பேரில். மகளிர் தொழில்முனைவோர் மானியத்தில் வந்த ஆலையும் சுகுணாவின் பேரில். ஜாதகப் பொருத்தம் பார்த்து வாங்கிய காரும் அப்படியே. மாதவராஜ் பேரில் இருந்தது மாதவராஜ் என்கிற பேர் மட்டும்தான்.

படகோட்டி முனிராஜ் இருபது வருடம் பரிசல் தள்ளியவர். அவருக்கு வெள்ளை யூனிஃபார்மும் தோளில் தங்க நிறப் பட்டையும் தைத்துக் கொடுத்தார் மாதவராஜ். தைத்த டெய்லர் வழக்கமாகக் கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களுக்குத் தைப்பவர். அதனால் முனிராஜ் கரையில் நின்றால், கூட்டம் அவரிடம் "கிளாரினெட் எங்கண்ணா?" என்று கேட்டது.

படகில் மாதவராஜுக்குப் பிடித்தது என்ஜின் அல்ல, ஸ்டீரியோ. நான்கு ஸ்பீக்கர், நீல விளக்கு, வயிற்றில் உதைக்கும் சப்வூஃபர். போனை புளூடூத்தில் இணைத்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது மணியில் அது தானாகவே எடுத்துவிடும். கோவாக்காரன் செய்து வைத்த ஏற்பாடு. எப்படி நிறுத்துவதென்று இங்கே யாருக்கும் தெரியாது.

படகின் பின்புறம் இரண்டு பேட்டரிகள் இருந்தன, ஒரு சுவிட்சும் இருந்தது. ஒன்றில் வைத்தால் என்ஜினுக்கான பேட்டரி, இரண்டில் வைத்தால் பாட்டுக்கான பேட்டரி, 'ஆல்' என்றால் இரண்டும் சேர்ந்து. மாதவராஜ் எப்போதும் ஆலில்தான் வைத்தார்.

"பாட்டுக் கேக்கறப்ப ரெண்டுல வெச்சிக்கலாமுங்களே" என்றார் முனிராஜ்.

"ரெண்டு இருக்கறப்ப ஒண்ண மட்டும் போடறவன் கஞ்சன்யா."

படகைக் கரையில் கட்டிவைத்தே மூன்று நாள், வந்தவர் போனவருக்கெல்லாம் பாட்டுப் போட்டுக் காட்டினார். நான்காம் நாள் என்ஜினும் எழவில்லை, பாட்டும் எழவில்லை. பழைய பேட்டரிகள் இரண்டும் ஒரே தேதியில் உயிரை விட்டிருந்தன. ஒற்றுமையான தம்பதி.

சாவதற்கு அவை தேர்ந்தெடுத்த வாரம்தான் கெட்ட வாரம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாங்கூழ் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் தேர்தல். சங்கத்தில் ஒன்பது உறுப்பினர்கள், தலைவர் நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி: மாதவராஜ், சந்திரமோகன். இரண்டு முறை சந்திரமோகனிடம் தோற்றவர் மாதவராஜ். இரண்டு முறையும், ஓட்டெடுப்பு மாதவராஜுக்குச் சாதகமாகத் தெரிந்த நேரம் பார்த்து, சந்திரமோகன் ஆட்கள் வெளிநடப்பு செய்து கூட்டத்தைக் கலைத்து, மறுகூட்டத்தில் ஜெயித்தார்கள். இந்த முறை மாதவராஜிடம் ஒரு திட்டம் இருந்தது. பொதுக்குழுவைப் படகில் ஏற்றுவது, நடுத்தண்ணியில் என்ஜினை நிறுத்துவது, தன் பெருமையை ஸ்டீரியோவில் முழங்க விடுவது, அங்கேயே கைதூக்கச் சொல்வது.

"நடுத்தண்ணியில எவன் வெளிநடப்பு பண்ணுவான்?" என்று சுகுணாவிடம் கேட்டார்.

சுகுணா கணக்குப் பிள்ளையிடமிருந்து வந்த சரக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "நீச்சல்குளம் வெச்சிருக்கறவரு பண்ணுவாரு" என்றாள்.

தருமபுரி பைபாஸில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் குரு வேலை தெரிந்தவன். அவனிடம் சுகுணாவும் போனாள். போகாவிட்டால் மாதவராஜ் கடையையே வாங்கி வந்துவிடுவார் என்று அவளுக்கு பயம்.

"அண்ணா, ரெண்டும் வேற வேற ஜாதி பேட்டரிங்க" என்றான் குரு. "என்ஜினத் தட்டி எழுப்பறது எருது விடற காளை மாதிரி. வாடிவாசலத் தாண்டறப்ப ஒரே பாய்ச்சல், அதோட முடிஞ்சது. பாட்டுக்கு வேணுங்கறது ஏர் மாடு. மெதுவா, நாள் பூரா இழுக்கணும். காளைய ஏர்ல பூட்டினா படுத்துக்கும். ஏர் மாட்ட விழாவுல விட்டா அது நின்னு புல்லு மேயும்."

"இதுல எது பெரிசு?" என்றார் மாதவராஜ்.

"பெரிசு சின்னதுன்னு இல்லீங்க, வேலைதான்..."

"அதோ மூலையில நிக்குதே, பால் கேன் மாதிரி. அது என்ன?"

"அது வூட்டு இன்வெர்ட்டருக்குங்க. கல்யாண மண்டபத்துக்காரரு ஒருத்தரு சொல்லி வெச்சது. அறுபத்தெட்டு கிலோ. படகு ஆடினா ஆசிட் சிந்துமுங்க."

கல்யாண மண்டபம் என்ற சொல் மாதவராஜின் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் விழாமல் போயிற்று. ஆயிரம் பேர் சாப்பிடும் மண்டபத்துக்கே போதுமென்றால் ஒன்பது ஓட்டுக்குப் போதாதா?

"பாட்டுக்கு அது. என்ஜினுக்கு ஒரு கார் பேட்டரி குடு, சின்னதா."

"சின்னதுங்களா? அந்த என்ஜினுக்கு..."

"நீதானப்பா சொன்ன, ஒரே பாய்ச்சல்னு. ஒரு நொடி வேலைக்கு எவனாவது பெரிய ஆளைக் கூலிக்கு வெப்பானா?"

குரு சுகுணாவைப் பார்த்தான். சுகுணா கடையின் கூரையைப் பார்த்தாள்.

"ரெண்டையும் பழசு இருந்த எடத்துலயே, பின்னாடி என்ஜின் பக்கத்துல வெச்சிருங்க" என்றாள் அவள். "சின்ன பேட்டரின்னாலும் வயரு குட்டையா இருந்தா சமாளிக்கும். இல்லீங்களா குரு?"

"அக்கா சொல்றது நூத்துக்கு நூறுங்க."

நூத்துக்கு நூறாக இருந்ததுதான் அதன் குறை. மாதவராஜுக்கு நூறு போதாது. அவர் பெரியண்ணனை அழைத்தார்.

பெரியண்ணன் மாவட்டத்தின் பெரிய வாஸ்து நிபுணர். சமையலறையை மூன்று முறை இடித்துக் கட்டிய குடும்பங்கள் அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தன. இதுவரை அவர் படகுக்கு வாஸ்து பார்த்ததில்லை. அது அவரை ஒரு கணமும் தயங்க வைக்கவில்லை. கரையில் நின்று திசைகாட்டியைப் பிடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"பேட்டரிங்கறது நெருப்பு. நெருப்பு இருக்க வேண்டிய எடம் தென்கிழக்கு, அக்னி மூலை. நீங்க பின்னாடி, மேற்குல வெச்சிருந்தீங்க. அதான் ரெண்டும் ஒரே நாள்ல போச்சு."

மாதவராஜ் மெய்சிலிர்த்தார். படகு அப்போது கிழக்கே பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே அக்னி மூலை என்பது படகின் முன்பக்க வலது ஓரம்.

முனிராஜ் தலையைச் சொறிந்தார். "சாமி, ஒரு சந்தேகமுங்க. படகு திரும்புமுங்களே. திரும்பினா மூலை மாறிடாதுங்களா?"

பெரியண்ணன் இப்படி ஒரு கேள்வியை வீடுகளிடமிருந்து சந்தித்ததில்லை. வீடுகள் கேள்வி கேட்பதுமில்லை, திரும்புவதுமில்லை. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"திரும்பாம ஓட்டணும்" என்றார்.

"போறப்ப சரிங்க. வர்றப்ப?"

"ரிவர்ஸ்ல வா."

இப்படியாக இரண்டு பேட்டரிகளும் முன்பக்க வலது மூலைக்குப் போயின. சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சை எல்லாம் முறைப்படி நடந்தன. பெரிய பேட்டரிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே ஒரு முழ வயர். கார் பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு ஒல்லியான வயர் ஒன்று படகின் நீளம் முழுக்க, மாமியார் வீட்டுக்குப் போகிறவனைப் போலத் தயங்கித் தயங்கிப் போயிற்று. இதையெல்லாம் கேள்விப்பட்ட குரு, ஒரு முழ நீளத்தில் கட்டைவிரல் கனத்துக்கு வயர் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி முனிராஜுக்குக் கொடுத்தனுப்பினான். "வாஸ்து கைவிட்டா இது இருக்கட்டும்னு சொல்லுங்க" என்றானாம். முனிராஜ் அதை இருக்கைக்கு அடியில் போட்டுவைத்தார், முதலாளியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எட்டு உறுப்பினர்களும் நாகமரைக் கரைக்கு வந்தார்கள். ஒன்பதாமவர் மாதவராஜ், கோட் போட்டிருந்தார். தை மாதக் காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இருக்கையிலும் அந்தஸ்து வரிசையில் பேர் எழுதிய அட்டை. மாதவராஜின் அட்டை முன் வரிசையில், பேட்டரிக்குப் பக்கத்தில். சந்திரமோகனின் அட்டை கடைசியில், பெட்ரோல் டேங்க்குக்குப் பக்கத்தில்.

மாதவராஜ் காலெடுத்து வைத்ததும் படகு வலது பக்கமாக முகம் கவிழ்த்து, தண்ணீரை முகர்ந்து பார்த்தது.

"ஐயோ, எறங்குங்க எறங்குங்க!" முனிராஜ் கத்தினார். பிறகு யூனிஃபார்மின் நினைவு வந்து, குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. அட்டைப்படி உக்காந்தா குளிச்சிட்டுத்தான் வருவோம். பரிசல்ல எப்பவுமே எடை பாத்துதானுங்க உக்கார வெப்போம். கலெக்டரே வந்தாலும் எடைதான்."

"எடையா?" என்றார் மாதவராஜ்.

"மொதலாளி, நீங்க பின்னாடி எடது பக்கம், டேங்க் ஓரமா. ராஜாமணி ஐயா அதுக்கு முன்னாடி. சந்திரமோகன் ஐயா ஒல்லி. நீங்க முன்னாடி போங்க, மாலை போட்ட பேட்டரி பக்கத்துல."

சந்திரமோகன் முன்வரிசையில் அமர்ந்து, 'திரு. மாதவராஜ்' என்ற அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். எழுபது வயதுச் சங்கச் செயலாளர் ராஜாமணி, மினிட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு முன்னாடி வரிசைன்னு சொன்னாங்களேப்பா" என்று முனகினார். மாதவராஜ் பெட்ரோல் வாசனையில், கோட்டோடு.

என்ஜின் சிணுங்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது. காவிரிச் சக்கரவர்த்தி சாஸ்திரப்படி கிழக்கே பார்த்துப் புறப்பட்டது.

நடுத்தண்ணி வந்ததும் மாதவராஜ் கைகாட்ட, என்ஜின் நின்றது. அவர் போனைத் தொட்டார். நீல விளக்குகள் எரிந்தன. சப்வூஃபர் உதைத்தது. சேலத்தில் பதிவு செய்துவந்த ஒரு கம்பீரக் குரல் நீர்ப்பரப்பெங்கும் எழுந்தது:

"மாங்கூழ் உலகின் மணிமகுடமே! பெங்களூரா மாங்கனியின் பெருந்தவமே! தோத்தாபுரியின் தோன்றலே!"

கொக்குகள் பறந்தன. தூரத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒரு பரிசல்காரர் யாரோ செத்துப்போய்விட்டதாக எண்ணித் தலைத்துண்டை எடுத்தார். பேட்டரித் தேர்வு என்று பார்த்தால், ஸ்டீரியோ விஷயத்தில் மாதவராஜ் தவறே செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

"அடுத்து ஓட்டெடுப்பு" என்று மாதவராஜ் எழுந்தார். படகு சாய்ந்ததும் உட்கார்ந்தார். "யாராச்சும் வெளிநடப்பு செய்யறதா இருந்தா செய்யலாம்." சிரித்தார். தானே ரசித்துச் சொன்ன ஒரே ஜோக் அது.

அப்போது மணிமகுடம் நின்று, போன் மணி நான்கு ஸ்பீக்கரிலும் அடித்தது. மாதவராஜ் போனை எடுக்க கோட்டுப் பையைத் தேடினார். அது சட்டைப் பையில் இருந்தது. மூன்றாவது மணி.

"ஏங்க!" சுகுணாவின் குரல் காவிரியின் இரண்டு கரைகளையும் தொட்டது. "பிரியாணி எறக்கியாச்சு. அந்த ராஜாமணி அண்ணனுக்கு லெக் பீஸ் தனியா எடுத்து வெக்கட்டுமா? நீங்கதான சொன்னீங்க, அந்தாளு ஒரு பீஸுக்கு ரெண்டு கையையும் தூக்குவாருன்னு."

ராஜாமணி மினிட் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

மாதவராஜ் போனின் எல்லாப் பக்கத்தையும் அழுத்தினார். சத்தம் கூடியது.

"மத்தவங்களுக்குச் சாதா பீஸ் போதும்னுட்டீங்க. சந்திரமோகனுக்குக் குஸ்கா மட்டும்னு சொன்னது விளையாட்டுக்கா நெசமாவா? எனக்கு ஒரு மாதிரி இருக்குது, நம்மளத் தேடி வர்றவங்களுக்கு..." நிறுத்தினாள். "ஏங்க, எதிரொலிக்குது. ஸ்பீக்கர்லயா இருக்கறேன்?"

"ஆமாக்கா" என்றார் சந்திரமோகன், பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து. "குஸ்கா பேசறேன்."

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் படகு குலுங்கியது. முனிராஜ் இரண்டு பக்கமும் கையை விரித்து, "சிரிங்க, ஆனா மாத்தி மாத்திச் சிரிங்க! ஒரே பக்கமா சிரிக்காதீங்க!" என்று கெஞ்சினார்.

"கரைக்குப் போ" என்றார் மாதவராஜ் பல்லைக் கடித்து. முனிராஜ் சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி. டிக். அதற்கப்புறம் அந்த டிக்கும் வெட்கப்பட்டு நின்றது. கார் பேட்டரி தன் பாய்ச்சலைக் கரையிலேயே பாய்ந்து முடித்திருந்தது. மிச்சம் இருந்ததை நீள வயர் வழியிலேயே குடித்துவிட்டது.

"பின்னாடியே வெக்கச் சொன்னனே" என்றது காவிரியெங்கும் சுகுணாவின் குரல்.

"பெரிய பேட்டரிய என்ஜின் பக்கம் தூக்கிட்டு வந்தா எழுந்துக்குமுங்க" என்றார் முனிராஜ். செய்தித்தாளைப் பிரித்தார். "குரு கனமான வயரு குடுத்துருக்கறான்."

"அக்னி மூலைய விட்டு எடுக்கக் கூடாது!" மாதவராஜ் கோட்டோடு எழுந்தார், சாய்ந்தார், உட்கார்ந்தார். "தலைவராகற நேரத்துல நெருப்ப மேற்குல வெக்கறதா?"

முனிராஜ் வானத்தைப் பார்த்தார். பரிசல்காரர்கள் வாதம் செய்வதில்லை, காற்றைப் பார்ப்பார்கள்.

"மொதலாளி, நாம நின்ன நேரத்துல காத்து படகத் திருப்பிடுச்சுங்க. சூரியன் இப்ப எங்க இருக்குது பாருங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி. என்ஜின் இருக்கற எடந்தான் இப்ப அக்னி மூலை. பேட்டரிதான் சாஸ்திரத்துக்கு விரோதமா வடமேற்குல, வாயு மூலையில உக்காந்துருக்குது."

மாதவராஜ் திரும்பிப் பார்த்தார். தை மாதத்துச் சூரியன் என்ஜினுக்கு நேர் மேலே, தென்கிழக்கில், சாட்சி சொல்ல வந்தவனைப் போல நின்றது. வாஸ்துவை மீறாமல் கரை சேர ஒரு வழி கிடைத்ததில் அவர் முகம் மலர்ந்தது.

"அதான பாத்தேன்" என்றார். "பெரியண்ணன் சொன்னா தப்பாது."

ஆனால் பெரிய பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீரியோ நிற்கும், பாதியில் நின்ற மணிமகுடமும் மறுபடி எழாது. அது உறைத்ததும் மாதவராஜின் மலர்ந்த முகம் பாதியில் நின்றது. "ரெக்கார்டிங் இன்னும் நாலு நிமிசம் இருக்குது. முடிஞ்சதும் ஓட்டு, அப்பறம் பேட்டரி."

"எங்களுக்கு பசிக்குது" என்றார் சந்திரமோகன். "குஸ்காவானாலும் பரவால்ல."

"அதுக்கு முன்னாடி ஒரு சட்டப் பிரச்சினை." ராஜாமணி மினிட் புத்தகத்தை மறுபடி திறந்தார். பதினைந்து வருடமாகத் திறக்காத ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்தார். "ஆலை உரிமம் யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் உறுப்பினர், அவங்கதான் போட்டியிடலாம். நம்ம பட்டியல்ல மாதவராஜுன்னு ஒருத்தர் இல்ல. 'சுகுணாவுக்காக' மாதவராஜ் கையெழுத்து போட்டுட்டு வந்துருக்கறாரு. நானும் ஒரு லெக் பீஸுக்கு ஆசைப்படற மனுசன்தான, கண்டுக்காம விட்டேன்."

எல்லாத் தலைகளும் பெட்ரோல் டேங்க் பக்கம் திரும்பின.

"அப்ப இவரு யாரு?" என்றார் ஒரு உறுப்பினர்.

"பார்வையாளர்" என்றார் ராஜாமணி.

சந்திரமோகன் பேட்டரியின் மாலையைத் தடவிக்கொண்டே யோசித்தார். மூன்றாம் முறையும் மாதவராஜைத் தோற்கடிப்பதில் சுகம் இருக்கிறது. ஆனால் மாதவராஜின் மனைவியிடம் மாதவராஜ் தோற்பதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் அதெல்லாம் ஒரு சுகமா?

"நான் வாபஸ்" என்றார். "தலைவருக்கு சுகுணாக்கா பேர முன்மொழியறேன். அக்கா, சம்மதமா?"

நான்கு ஸ்பீக்கரிலும் பிரியாணி அண்டாவை மூடும் சத்தம் கேட்டது.

"தலைவரானா என்ன பண்ணணும்?"

"எங்களக் கரை சேக்கணும்" என்றார் ராஜாமணி.

"அப்ப அவரு பேச்சக் கேக்காதீங்க. மொதல்ல ஸ்டீரியோ வயரக் கழட்டுங்க. நாலு பேரு பேட்டரியத் தூக்குங்க, சாய்க்காம, ஆசிட் சிந்தும். நடக்கறவங்க நடுவுல நடக்கட்டும். மத்தவங்க எதிர்ப்பக்கம் நகருங்க. முனிராஜண்ணா, நீங்க சொல்லச் சொல்ல அவங்க நகரட்டும். அப்பறம்..."

அப்புறம் என்ன என்பது கேட்கவில்லை. முதல் உத்தரவை நிறைவேற்ற சந்திரமோகன் வயரைக் கழற்றிவிட்டார். நீல விளக்கு அணைந்தது.

அறுபத்தெட்டு கிலோ. சந்தனமும் குங்குமமும் கையில் ஒட்ட, மாலை மூக்கில் உரச, நான்கு ஆலை அதிபர்கள் அதைச் சாமி பல்லக்கு போலச் சுமந்து நடந்தார்கள். அதில் ஒருவர் சந்திரமோகன், எதிர்முனையில் இன்னொருவர் மாதவராஜ். பார்வையாளருக்கும் முதுகு உண்டு என்று முனிராஜ் சொல்லிவிட்டார். மற்றவர்கள் மாட்டு வண்டிக்கு ஒதுங்கும் கோழிகள் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தார்கள். "குஸ்கா, மெதுவா!" "பார்வையாளரே, கோட்டு மிதிபடுது!" யாரோ 'கோவிந்தா' போட்டார்கள். எல்லோரும் திருப்பிப் போட்டார்கள். தூரத்துப் பரிசல்காரர் தலைத்துண்டை மறுபடி எடுத்தார்.

கனமான வயரை மாட்டி முனிராஜ் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே பாய்ச்சலில் எழுந்தது.

ஓட்டெடுப்பு வரும் வழியில் நடந்தது. எட்டுக் கைகள் உயர்ந்தன. பழக்க தோஷத்தில் ஒன்பதாவது கையும் உயர்ந்தது. ராஜாமணி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. முனிராஜ் ரிவர்ஸில் வரவில்லை. பேண்டு யூனிஃபார்மில் நிமிர்ந்து, படகின் மூக்கு முன்னால் இருக்க, எல்லாத் திசையையும் ஒருமுறை தொட்டுவிட்டே கரைக்கு வந்தார்.

கரையில் சுகுணா முதலில் பிரியாணி பரிமாறச் சொன்னாள். எல்லோருக்கும் பீஸ். சந்திரமோகனுக்கு இரண்டு.

மாதவராஜ் சோர்ந்து போனார் என்று யாராவது நினைத்தால் அவரை அறியாதவர்கள். புதன்கிழமைக்குள் விசிட்டிங் கார்டு வந்துவிட்டது: 'மாதவராஜ், மாண்புமிகு தலைவரின் கணவர்.' வியாழக்கிழமை பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் அவர் படம் ஆளுயரத்துக்கு, சுகுணாவின் படம் பாஸ்போர்ட் அளவில், தென்கிழக்கு மூலையில்.

அந்த ஃப்ளெக்ஸ் இன்றும் பத்திரமாக இருக்கிறது. குரு இப்போது சரியான பேட்டரிகள் இரண்டைப் படகின் பின்புறத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறான். சுவிட்ச் பாட்டுக்கு இரண்டில் நிற்கிறது. அறுபத்தெட்டு கிலோ ஆலை அலுவலகத்தில், தலைவர் அறை இன்வெர்ட்டரில். படகின் பேட்டரிகள் மேல் தண்ணீர் தெறிக்காமலிருக்க முனிராஜ் அந்த ஃப்ளெக்ஸை நான்காக மடித்துப் போர்த்தியிருக்கிறார். மடிப்பில் மேலே தெரிவது கோட்டின் மூன்றாவது பொத்தான்.